கையெழுத்தும் அமானிதமே!

உடல் நலமாக இருக்கும்வரை தனக்கு ஒரு முதுகெலும்பு இருக்கிறது என்ற நினைப்பே மனிதனுக்கு வருவதில்லை. அது வலிக்கத் தொடங்கும் நாளில்தான், குனிவதும் நிமிர்வதும், ருகூவும் ஸுஜூதும் எவ்வளவு பெரிய நிஃமத்துகள் என்பதை அவன் உணருகிறான். அந்த வலி சொந்த ஊரில் வந்தால் வீட்டார் தைலம் தேய்ப்பார்கள். கடல் கடந்த நாட்டில் வந்தாலோ, அவன் முதலில் தேடுவது மருத்துவரையல்ல, சட்டைப்பையிலிருக்கும் இன்ஷூரன்ஸ் கார்டைத்தான். அந்தக் கார்டு எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்ற கணக்கு தொடங்குகிறது. அந்தக் கணக்கிலே ஹலால், ஹராம் என்ற கணக்கும் கலந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மதுரையின் மேற்கே, தேனி சாலையும் பைபாஸ் சாலையும் கூடும் இடத்திலிருக்கிறது நமது காளவாசல். காளவாசல் என்றால் சூளை. செங்கல்லும் சுண்ணாம்பும் சுட்டெடுக்கும் இடத்திற்கு அப்படிப் பெயர். இன்று இந்த வட்டாரத்திலிருந்து கொத்தனாராக, கம்பி கட்டுபவராக, பெயின்டராக, ஓட்டுநராக வளைகுடா நாடுகளுக்குச் சென்று, அந்த வெயிலாகிய சூளையில் தம்மையே சுட்டுக்கொள்ளும் சகோதரர்கள் அநேகர். அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே திருமணங்கள் நடக்கின்றன; வீடுகள் எழும்புகின்றன. அவர்களுடைய இடுப்பும் முழங்காலும் தேய்வதை நாம் காண்பதில்லை.

அவர்கள் விடுமுறையில் வரும்போது, ஜுமுஆவுக்குப் பிறகு, "ஹஜ்ரத், ஒரு சந்தேகம்" என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும்.

ஒன்று: "ஊரிலிருக்கும்போதே முதுகு வலி இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபிறகு வந்ததாகச் சொன்னால்தான் பிசியோதெரபிக்கு இன்ஷூரன்ஸ் பணம் கொடுக்கும். அப்படிச் சொல்லலாமா?"

இரண்டு: "இரண்டு தடவைதான் சிகிச்சைக்குப் போனேன். ஆறு தடவை வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் என் பங்குப் பணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். அதில் என்ன தப்பு?"

மூன்று: "என்னைப் பார்க்க வந்த அத்தாவுக்கு மூட்டு வலி. என் கார்டில் என் பெயரில் காட்டலாமா?"

கேட்பவர்கள் திருடர்களல்லர். ஐவேளைத் தொழுகையாளிகள், பெற்றோருக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புபவர்கள். ஆகவேதான் இந்தக் கேள்விகளை அலட்சியமாக "கூடாது" என்ற ஒரு சொல்லில் முடித்துவிட நமக்கு மனம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் உலக நடப்பைத் தெரிந்துகொள்வோம். சவூதி அரேபியா 1999-ல் கூட்டுறவு சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. அபூதபி 2005-ல் 23-வது சட்டத்தின் மூலமும், துபை 2013-ல் 11-வது சட்டத்தின் மூலமும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கின. ஷார்ஜா, அஜ்மான் முதலிய வட அமீரகங்களில் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது கட்டாயமாயிற்று. துபையின் சட்டப்படி தொழிலாளிக்குப் பிரீமியம் கட்டவேண்டியவர் முதலாளியே. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தல் கூடாது.

துபையில் குறைந்த சம்பளக்காரருக்கென வகுக்கப்பட்ட அடிப்படைத் திட்டத்தில் பிசியோதெரபி என்னும் இயன்முறை வைத்தியத்துக்கும் இடமுண்டு. ஆனால் ஆண்டொன்றுக்கு ஆறு தடவை. முன் அனுமதி பெறவேண்டும். செலவில் நூற்றுக்கு 20 பங்கு நோயாளி கொடுக்கவேண்டும். முதன்முறையாகக் காப்பீட்டில் சேர்பவருக்கு, முன்பே இருந்த நோய்களுக்கு ஆறு மாதக் காத்திருப்பும் வகுக்கப்பட்டது. சிங்கப்பூரிலோ 2023 ஜூலை முதல் ஒவ்வொரு வேலை அனுமதித் தொழிலாளிக்கும் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்பீடு எடுக்கும்படி சட்டம் சொல்கிறது. ஆனால் அச்சட்டம் வற்புறுத்துவது மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சையையும் பகல்நேர அறுவையையுமே. அறுவை முடிந்து வீடு திரும்பியபின் மாதக்கணக்கில் செய்யவேண்டிய பயிற்சி வைத்தியம் பல இடங்களிலும் ஓரத்திலேயே நிற்கிறது.

திட்டங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். தம் கையிலுள்ள பாலிசித் தாளை ஒவ்வொருவரும் படித்தோ, படிக்கச் சொல்லிக் கேட்டோ தெரிந்துகொள்ளவேண்டும். நம் மக்களில் பலர் கார்டை வாங்கி வைத்திருக்கிறார்களே தவிர, அதிலுள்ள உரிமையையும் அறியார், வரம்பையும் அறியார். உரிமையை அறியாததால் இழக்கிறார்கள். வரம்பை அறியாததால் மீறுகிறார்கள்.

காப்பீடே கூடுமா?

"இன்ஷூரன்ஸே மார்க்கத்தில் ஐயத்துக்குரியது என்கிறீர்கள். அப்படியிருக்க அதில் உண்மை பொய் பார்ப்பானேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை சொல்லுமுன் அந்த ஐயத்தையே சற்று விளக்கவேண்டும்.

கடல் வணிகத்தில் வழங்கிய இன்ஷூரன்ஸைப் பற்றி நம் ஃபுகஹாக்களில் முன்னோடியாக விரிவாக எழுதியவர், 1836-ல் மறைந்த டமாஸ்கஸ் நகர ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள். அந்த ஈட்டுப் பணத்தை வாங்குவது ஆகாது என்றே அவர்கள் கருத்துரைத்தார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், நிலையான பிரீமியம் வாங்கி நடத்தும் வணிகக் காப்பீட்டில் ஒப்பந்தத்தையே கெடுக்கும் அளவுக்கு 'கரர்' என்னும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், தர்மமும் பரஸ்பர உதவியும் அடிப்படையான கூட்டுறவுக் காப்பீடே அதற்கு மாற்று என்றும் முடிவு செய்தது. சவூதியின் மூத்த உலமாக்கள் சபை 1977-லேயே கூட்டுறவு முறையை ஏற்றிருந்தது. 1979-ல் ஸூடானிலும், 1984-ல் சட்டத்தின் வாயிலாக மலேசியாவிலும் 'தகாஃபுல்' என்ற பெயரில் அம்முறை நடைமுறைக்கு வந்தது. வணிகக் காப்பீட்டைக் கூடும் என்று வாதிட்ட ஷைகு முஸ்தஃபா ஸர்கா (ரஹ்) போன்ற அறிஞர்களும் இருந்தார்கள் என்பதையும் மறைக்கலாகாது.

ஆனால் நாம் பேசும் தொழிலாளி தானாகப் போய்க் காப்பீடு வாங்கியவனல்லன். அரசு கட்டாயப்படுத்துகிறது, முதலாளி கட்டுகிறார், கார்டு இவன் கைக்கு வருகிறது. ஒப்பந்தம் முதலாளிக்கும் கம்பெனிக்கும் இடையே நடந்தது. இவனுக்குக் கிடைக்கும் வைத்தியம் அவனுடைய வேலைக்காக முதலாளி செய்துதரும் சலுகை என்ற கண்ணோட்டத்தில், அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று உலமாக்கள் பலர் கூறுகிறார்கள். கட்டிய பிரீமியத்தின் அளவோடு நின்றுகொள்வதே பேணுதல் என்போரும் உள்ளனர். அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டு நடப்பது நலம். நமது கேள்வி அதற்கு அப்பாலுள்ளது.

குறையுள்ள ஒப்பந்தத்தில் பொய் ஆகுமா?

ஒப்பந்தத்தில் குறை இருந்தால், அதில் பொய் சொல்ல அனுமதி பிறந்துவிடுகிறதா? இதுதான் கேள்வியின் கரு.

ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தந்தையாரும் பத்ருப் போருக்குச் சற்றுமுன் குறைஷிகளிடம் அகப்பட்டார்கள். நபிகளாரோடு சேர்ந்து போரிடமாட்டோம் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டே குறைஷிகள் அவர்களை விட்டார்கள். கேட்டவர்கள் எதிரிகள், கேட்டதோ பலவந்தமாக, முஸ்லிம்களோ முந்நூற்றுச் சொச்சம் பேர், ஒவ்வொரு வாளும் தேவைப்பட்ட நேரம். செய்தியைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த வாக்கை நிறைவேற்றும்படியே இருவரையும் திருப்பி அனுப்பினார்கள். உதவியை அல்லாஹ்விடம் தேடிக்கொண்டார்கள். வாக்கு வாங்கியவன் அநியாயக்காரன் என்பதால் வாக்கு செல்லாக் காசாகிவிடவில்லை.

ஹிஜ்ரத்தின் இரவை நினைத்துப் பாருங்கள். கொல்லத் துடித்த மக்கத்துக் காஃபிர்களின் பொருள்கள் அண்ணலாரிடம் அமானிதமாக இருந்தன. அவர்கள் முஸ்லிம்களின் சொத்துகளைப் பறித்தவர்கள்தாம். ஆயினும் "நம்மிடம் பறித்ததற்கு ஈடு" என்று ஒரு பொருளையும் நாயகம் எடுத்துச் செல்லவில்லை. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களைப் பின்னே நிறுத்திவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில், தம்மோடு பயணம் செய்தவர்களைக் கொன்று பொருளை எடுத்துக்கொண்டு வந்து இஸ்லாத்தை ஏற்றார்கள். அவர்களுடைய இஸ்லாத்தை ஏற்றுக்கொண்ட பெருமானார், அந்தப் பொருளைத் தமக்குச் சம்பந்தமற்றதென ஒதுக்கிவிட்டார்கள். பொருளுக்குரியவர்கள் முஸ்லிம்களல்லர், ஆனாலும் அது நம்பிக்கைத் துரோகத்தால் வந்த பொருள்.

இம்மூன்றிலிருந்தும் விளங்குவது யாது? எதிரிலுள்ளவர் யார், அவர் நல்லவரா கெட்டவரா, வட்டி வாங்குபவரா என்ற கேள்வி வேறு. நம் வாக்கு மெய்யா பொய்யா என்ற கேள்வி வேறு. முன்னது அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லவேண்டியது. பின்னது நாம் சொல்லவேண்டியது. காப்பீடு ஐயத்துக்குரியது என்று உண்மையாகவே அஞ்சுபவர் அதிலிருந்து குறைவாக எடுப்பாரே தவிர, பொய் சொல்லிக் கூடுதலாக எடுக்கமாட்டார். பேணுதலைக் காரணம் காட்டி மோசடியை நியாயப்படுத்துவது நஃப்ஸின் தந்திரமன்றி வேறில்லை.

சிலர் சொற்களில் விளையாடுவார்கள். "இங்கே வந்தபின் எனக்கு வலித்தது" என்று கூறுவார்கள். அது பொய்யல்லதான். ஆனால் கேட்பவர் அறிய விரும்புவது வலி எப்போது தொடங்கிற்று என்பதை. ஒருவருடைய உரிமை சம்பந்தப்பட்ட இடத்தில், கேட்பவர் எதைக் கேட்கிறாரோ அந்தக் கருத்துக்கே பதிலின் மெய்யும் பொய்யும் அமையும். இரட்டை அர்த்தச் சொல் அங்கே அடைக்கலம் தராது.

யாருடைய பணம்?

"கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனி, நான் எடுக்கும் நூறு திர்ஹத்தில் அது கவிழ்ந்துவிடுமா?" என்பது அடுத்த சமாதானம்.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஓர் அடிமை அம்பு பட்டு இறந்தார். மக்கள் அவருக்குச் சுவனம் கிடைத்ததென வாழ்த்தினார்கள். பங்கிடப்படுமுன்பே பொதுப் பொருளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று எச்சரித்தார்கள் நபிகளார். அதைக் கேட்டுப் பயந்த ஒருவர் ஒரு செருப்பு வாரைக் கொண்டுவந்து கொடுத்தார். போர்வையும் செருப்பு வாரும் ஒரு படைக்கு எம்மாத்திரம்? ஆனால் பலருக்குச் சொந்தமான பொருளில் கை வைப்பது, ஒருவருக்குச் சொந்தமான பொருளில் கை வைப்பதைவிட இலேசானதல்ல, கனமானது. காரணம், ஒருவனிடம் திருடினால் அவன் காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்கலாம். பல்லாயிரம் பேருடைய பணம் சேர்ந்த இடத்தில் எடுத்தால், கியாமத் நாளில் யார் யாரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்பது?

அந்தப் பல்லாயிரம் பேரில், நம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் தொழிலாளியும் ஒருவன். பொய்க் கணக்குகள் பெருகினால், அடுத்த ஆண்டு பிரீமியம் உயரும்; முதலாளி மலிவான திட்டத்துக்கு மாறுவார்; முன் அனுமதிக் கெடுபிடிகள் கூடும். மெய்யாகவே சாரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை உடைந்தவன் அனுமதிக்காக நாள்கணக்கில் காத்துக் கிடப்பான். ஒருவர் போட்ட ஆறு பொய்க் கையெழுத்துகளின் வட்டியை, அவரைப் போலவே ஏழையான வேறொருவன் கட்டுகிறான். கம்பெனியை ஏமாற்றியதாக நினைத்தவர் ஏமாற்றியது தன் சகோதரனை.

சிகிச்சைத் தாளில் போடும் கையெழுத்து சாதாரணக் கோடல்ல. அது ஒரு சாட்சியம். "இன்ன நாளில் இன்ன வைத்தியம் எனக்குச் செய்யப்பட்டது" என்று நாம் அளிக்கும் ஷஹாதத். பொய்ச் சாட்சியம் எத்தகைய பெரும்பாவம் என்பதை விளக்கவேண்டியதில்லை. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட அண்ணலார், மழையில் நனைந்தது என்ற வியாபாரியிடம், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்தார்கள். வராத நான்கு நாள்களை வந்த இரண்டு நாள்களின் கீழே மறைத்துவைக்கும் தாளும் அந்தக் குவியலைப் போன்றதே.

அத்தாவுக்கு மகனின் கார்டில் வைத்தியம் செய்வதோ, பாவத்தோடு ஆபத்தும் சேர்ந்தது. தந்தையின் இரத்த அழுத்தமும், ஒவ்வாத மருந்தும், எலும்புத் தேய்மானமும் மகனுடைய ஏட்டில் ஏறிவிடுகின்றன. நாளை மகன் நினைவிழந்து கொண்டுபோகப்பட்டால், மருத்துவர் பார்ப்பது தந்தையின் நோயைத்தான். பெற்றோருக்குச் செய்யும் உபகாரம் பெரிய நன்மை. அதைப் பொய்யின் மீது கட்டுவானேன்? பார்க்க வருபவருக்குப் பயணக் காப்பீடு உண்டா, அது எதுவரை செல்லும் என்பதைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வதும், பழைய மூட்டு வலிக்கு ஊரிலேயே சிகிச்சை முடித்து அழைப்பதும் மகனின் கடமையில் சேரும்.

நிர்ப்பந்தம் எதுவரை?

இனி, முதல் கேள்விக்கு வருவோம். இதுவே மூன்றிலும் கடினமானது. ஊரிலேயே முதுகு வலி கண்டவன். கடன் வாங்கி விசா எடுத்தவன். உண்மையைச் சொன்னால் காப்பீடு உடனே கிடைக்காது. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளமில்லை. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் அனுமதிக்கும் என்பது ஃபிக்ஹின் சட்டமாயிற்றே, இவனுக்கு அது பொருந்தாதா?

உஸ்மானியப் பேரரசின் காலத்தில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்ற சட்டத் தொகுப்பின் 33-வது பிரிவு இதற்கு விடை தருகிறது. நிர்ப்பந்தம் பாவத்தை நீக்கலாம். ஆனால் பிறருடைய உரிமையை அழிக்காது என்பது அதன் சாரம். பசியால் சாகப்போகிறவன் பிறருடைய உணவை எடுத்து உண்ணலாம். உயிர் பிழைத்தபின் அதன் விலையைக் கொடுக்கவேண்டும். அந்த உவமையில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: அவனுக்கு வேறு வழியே இருத்தல் கூடாது. வேறு கதவு திறந்திருக்கும்போது பூட்டை உடைப்பவன் நிர்ப்பந்தத்தைக் காரணம் சொல்லமுடியாது.

இவனுக்கு வேறு கதவுகள் உண்டா? உண்டு. நாம் மேலே சொன்னபடி, துபையின் அடிப்படைத் திட்டத்தில் பழைய நோய்க்கு ஆறு மாதக் காத்திருப்பு வகுக்கப்பட்டதே அன்றி, அடியோடு மறுப்பு இல்லை. உண்மையை எழுதியவனுக்கு அந்தத் தவணை கழிந்தபின் கதவு திறக்கிறது. மறைத்தவனுக்கோ, பின்னால் வெளிப்பட்டால் அந்தக் கதவும் அடைபடும். பயணத்துக்கு முன்பே ஊரில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைக்கு ஏழைகளும் செல்லலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடக்கமுடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து அளிக்கும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. இவற்றை விசாரிக்காமல் பொய்யை முதல் மருந்தாக எடுப்பது முறையா?

அதற்காக, உண்மை சொல்வதற்கு விலையே இல்லை என்று நாம் கூறவில்லை. விலை உண்டு. ஆறு மாதம் வலியைச் சுமக்கவேண்டியிருக்கலாம், கைப்பணம் செலவாகலாம், சிலருக்கு அந்த வேலையே கைகூடாமல் போகலாம். அந்தச் சுமையைக் குளிர்ந்த அறையில் அமர்ந்து இலேசாகப் பேச நமக்குத் தகுதியில்லை. ஆனால், மருத்துவர் "எப்போதிருந்து வலி?" என்று கேட்பது பணத்துக்காக மட்டுமல்ல. நேற்று வந்த பிடிப்புக்கு ஒரு வைத்தியம். ஐந்தாண்டுத் தேய்மானத்துக்கு வேறு வைத்தியம். பொய்யான வரலாற்றைக் கொடுத்துவிட்டு மெய்யான குணத்தை எதிர்பார்க்க முடியாது.

பொய் யாருக்கு இலாபம்?

இங்கே நம் மக்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. பொய் என்பது ஏழையின் ஆயுதம் என்று பலர் நினைக்கிறார்கள். அனுபவத்தில் அது பெரும்பாலும் வலியவனின் ஆயுதமாகவே இருக்கிறது.

வேலையிடத்தில் சாரம் சரிந்து ஒருவன் விழுகிறான். மேற்பார்வையாளர் வந்து, "குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல், இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம், போலீஸ், கேஸ் எதற்கு?" என்கிறார். இவனும் உபகாரம் என்றெண்ணி அப்படியே சொல்லிவிடுகிறான். அந்த ஒரு வார்த்தையில் இவன் இழந்தது என்ன? ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ம் ஆண்டு 33-வது தொழிலாளர் சட்டத்தின் 37-வது பிரிவுப்படி, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு, தொழிலாளி குணமாகும்வரை அல்லது ஊனம் உறுதியாகும்வரை சிகிச்சைச் செலவு முதலாளியின் பொறுப்பு. சிகிச்சைக் காலத்தில் ஆறு மாதம்வரை முழுச் சம்பளம். அதற்குமேல் தேவைப்பட்டால் இன்னும் ஆறு மாதம்வரை பாதிச் சம்பளம். 'குளியலறை' என்று சொன்னவனுக்கோ, காப்பீட்டின் சில தடவை பிசியோதெரபியோடு எல்லாம் முடிந்தது. பிறகு கை தூக்க முடியாமல் ஊர் திரும்பும்போது அவனுக்காகப் பேச ஒரு காகிதமும் இராது.

ஆகவே உண்மைதான் ஏழையின் பத்திரம். விபத்து நடந்த இடம், நாள், நேரம் ஆகியவற்றை உள்ளபடி சொல்லி, மருத்துவரின் சீட்டில் உள்ளபடி எழுதச் செய்து, அதன் நகலைப் பத்திரப்படுத்துவது மார்க்கக் கடமையும் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியும் ஆகும். இந்தியாவிலிருந்து குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளருக்கான 'பிரவாஸி பாரதீய பீமா யோஜனா'வில், 2017-ல் திருத்தப்பட்டபடி, விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 இலட்சம் ரூபாய் ஈடு உண்டு. அதன் பத்திரத்தை வீட்டாரிடம் ஒரு நகல் கொடுத்துச் செல்பவர்கள் எத்தனை பேர்?

மற்றவர்களின் கடமை

நோயாளிக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவது நீதியாகாது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தொழிலாளியின் பிரீமியத்தைத் தானே கட்டவேண்டிய முதலாளி அதைச் சம்பளத்தில் மறைமுகமாகப் பிடித்தால், அவரும் அமானிதத்தை உண்டவரே. வராத நாளை வந்ததாக எழுதும் சிகிச்சை நிலையத்தாரும், "நோய் ஒன்றுமில்லை என்று எழுதிவிடு" என்று இங்கேயே பொய்யைக் கற்பித்து அனுப்பும் ஏஜெண்டும் அந்தப் பாவத்தின் பங்காளிகள்.

வீட்டிலிருக்கும் நமக்கும் பங்குண்டு. "இன்னும் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, தங்கச்சி கல்யாணம் முடியட்டும்" என்று தொலைபேசியில் சொல்லும்போது, அவன் பல்லைக் கடிப்பது எந்த வலியின்மேல் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பணம் வந்ததா என்று கேட்கும் வாய், உடம்பு எப்படி இருக்கிறது என்றும் மெய்யாகக் கேட்கட்டும். அவன் பொய் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுவதில் நம் எதிர்பார்ப்பின் கனமும் சேர்ந்திருக்கிறது.

அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்தபோது, தம்மிடமுள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். நபிகளார் அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று பெருமிதத்தோடு சொந்தம் கொண்டாடினார்கள். எந்தப் பாலிசியும் எழுதப்படாத காலத்துக் காப்பீடு அது. நமது மஹல்லா ஜமாஅத்துகள் ஒவ்வொன்றும், காயத்தோடு ஊர் திரும்பும் தொழிலாளிக்கு ஆறு மாதப் பயிற்சி வைத்தியத்துக்கான செலவை ஏற்கும் ஒரு சிறு நிதியை ஏன் வைக்கக்கூடாது? தேவையுடையவராயின் ஸகாத்திலிருந்தே கொடுக்கலாம். அப்படி ஒரு துணி விரிக்கப்பட்டிருந்தால், பொய்க் கையெழுத்தின் பக்கம் போகாமல் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

உடலும் அமானிதமே

கடைசியாக ஒன்று. கிடைக்கும் ஆறு தடவையோடு பயிற்சி முடிந்துவிடுவதில்லை. இயன்முறை வைத்தியத்தின் பெரும்பகுதி நோயாளியே தன் அறையில் தினமும் செய்யவேண்டிய பயிற்சி. ஒவ்வொரு தடவையும் ஒரு பாடம் என்று கற்றுக்கொண்டு, ஃபஜ்ருக்குப் பின் பத்து நிமிடம் அதைச் செய்பவனுக்கு ஆறு தடவை பெரும் உதவியாகும். செய்யாதவனுக்கு அறுபதும் போதாது. அல்லாஹ் தந்த உடலுக்கு நம்மீது உரிமையுண்டு என்று கற்றுத்தந்த மார்க்கத்தில், பயிற்சியைச் சோம்பலால் விடுவதும் ஒருவகையில் அமானிதத்தைப் பாழாக்குவதே.

வலியோடு தொழுபவர்கள் தயங்கவேண்டாம். நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழ அனுமதியளித்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். உண்மையான இயலாமைக்கு மார்க்கம் இவ்வளவு இடம் தந்திருக்கிறது. பொய்யான இயலாமைக்கு அது ஒரு விரற்கடையும் இடம் தரவில்லை.

நாளை நம் வாய்க்கு முத்திரையிடப்பட்டு, கைகள் பேசவிருக்கின்றன என்று அருள்மறை எச்சரிக்கிறது. வலித்த கை பேசும். அதே கை போட்ட கையெழுத்தைப் பற்றியும் பேசும். அன்று அவ்விரு சாட்சியங்களும் ஒன்றுக்கொன்று முரண்படாதிருக்கும் பாக்கியத்தை நமக்கும், கடல் கடந்து பாடுபடும் நம் சகோதரர்களுக்கும் வல்ல நாயன் தந்தருள்வானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவையும், அவர்களுடைய சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் அளிப்பானாக! ஆமீன்.